மூச்சுக்கு ஒரு தார்க்குச்சி

ஈன்ற கன்று மூச்சு விடாமல் கிடந்தால், மாடு வளர்ப்பவர் கை முதலில் தேடுவது ஒரு வைக்கோல் துரும்பைத்தான். கன்றின் வாயிலும் மூக்கிலும் அடைத்திருக்கும் சளியை விரலால் வழித்து எறிவார். பிறகு துரும்பை மூக்குத் துவாரத்துக்குள் விட்டு மெல்லத் திருகுவார். கன்று ஒருமுறை தலையை உதறும், தும்மும். அந்த உதறலோடு ஈரம் சொட்டும் விலா முதல்முறையாக விரியும். கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தால் அவர் பையில் டாக்ஸாப்ராம் என்ற மருந்து இருக்கக்கூடும். நாக்கின் அடியில் சில சொட்டுகள், இல்லையென்றால் ஓர் ஊசி. துரும்பு செய்வதும் சொட்டு மருந்து செய்ய முயல்வதும் ஒரே வேலைதான்: மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மூச்சு மையத்தைத் தட்டி எழுப்புவது.

சுவாசத்தைத் தூண்டும் மருந்துகள் என்று மருந்தியலில் தனிப் பிரிவே உண்டு. எட்டிக்கொட்டை நஞ்சு முதல் காஃபீன் வரை அதில் அடக்கம். அவற்றில் பெரும்பாலானவை இன்று கைவிடப்பட்டுவிட்டன. காப்பாற்றப் போன இடத்தில் உயிரைப் பறித்தவையும் அவற்றில் உண்டு. வண்டி சேற்றில் நின்றுவிட்டால் தார்க்குச்சியால் மாட்டைக் குத்துகிறவரும் இருக்கிறார், இறங்கிப் போய்ச் சக்கரம் எதில் சிக்கியிருக்கிறது என்று பார்க்கிறவரும் இருக்கிறார். நூறாண்டு கால மூச்சு மருந்து ஆராய்ச்சி எனக்கு இந்த இரண்டு பேரின் கதையாகத்தான் தெரிகிறது.

நாம் ஏன் மூச்சு விடுகிறோம் என்று கேட்டால் ஆக்சிஜனுக்காக என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் சாதாரண நேரத்தில் நம்மை மூச்சிழுக்கச் சொல்வது ஆக்சிஜன் குறைவு அல்ல, உடலில் சேரும் கரியமில வாயு. இதை அளந்து காட்டியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் பிரீஸ்ட்லியும். ஒரு நீண்ட குழாய்க்குள் முழு வலுவோடு ஊத வேண்டும். ஊதலின் கடைசியில் வரும் காற்று நுரையீரலின் ஆழத்திலிருந்து வருவது. அதைப் பிடித்து ஆராய்ந்தார்கள். 1905-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்றும் வியப்பூட்டுகிறது. நுண்ணறைக் காற்றில் கரியமில வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 0.2 சதவீதம் கூடினாலே போதும், நுரையீரலுக்குள் போய்வரும் காற்றின் அளவு இரண்டு மடங்காகிறது. நீருக்குள் மூச்சடக்கிக் கிடக்கும்போது மார்பை முட்டி நம்மை மேலே தள்ளுவது பெரும்பாலும் இந்த வாயுதான்.

ஆக்சிஜனைக் கவனிக்கும் காவலர் வேறு இடத்தில் இருக்கிறார். கழுத்துத் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், இரு பக்கமும், அரிசிமணியை விடச் சற்றே பெரிதாகவோ அதே அளவிலோ ஒரு சிறு திசு உண்டு. மாட்ரிட்டில் பணியாற்றிய ஃபெர்னாண்டோ டி காஸ்ட்ரோ 1920களில் அதன் நரம்பிழைகளை நுண்ணோக்கியில் பார்த்தே, இது ரத்தத்தைச் சுவைத்துப் பார்க்கும் உறுப்பு என்று ஊகித்துவிட்டார். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் கார்னீல் ஹேமான்ஸ் அதை நாய்களில் சோதித்து நிறுவினார். தந்தையோடு சேர்ந்து அவர் முதலில் செய்த சோதனைகளில் ஒரு நாயின் தலைக்கு இன்னொரு நாயின் ரத்தத்தை ஊட்டினார்கள். அந்தத் தலைக்கும் அதன் சொந்த உடலுக்கும் இடையே நரம்புகள் மட்டுமே தொடர்பு. உடலில் ஏற்படும் மாற்றத்துக்குத் தலை மூச்சசைவைக் கூட்டியும் குறைத்தும் பதில் சொன்னது. செய்தி ரத்தம் வழியாகப் போகவில்லை, நரம்பு வழியாகப் போயிருக்கிறது. படிக்கவே மனம் கனக்கும் சோதனை இது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை எளிதில் அனுமதிக்காது. ஆனால் மூச்சின் ஆக்சிஜன் காவல் பற்றி நாம் அறிந்ததற்கு அடித்தளம் இந்த நாய்கள்தான். ஹேமான்ஸுக்கு 1938-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. டி காஸ்ட்ரோவுக்கு அதில் பங்கு தராதது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

மூச்சின் தாளம் பிறக்கும் இடம் தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1991-ல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளின் முகுளத்தை, அதாவது மூளையின் அடிப்பகுதியை, மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். உப்புக் கரைசலில் அந்தச் சீவலைக் கிடத்தி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு நரம்பின் முனையில் மின்முனையை வைத்தார்கள். நுரையீரல் இல்லை, உடல் இல்லை, இழுக்கக் காற்றும் இல்லை. இருந்தும் அந்தச் சீவல் சில நொடிகளுக்கு ஒருமுறை விட்டுவிட்டுத் துடித்தது. மூச்சிழுக்கும் கட்டளையை யாருமற்ற வெளிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. தாளம் பிறக்கும் அந்த நரம்பணுக் கூட்டத்துக்கு முன் பாட்ஸிங்கர் தொகுதி என்று பெயர். ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்தரங்கின் விருந்து மேசையில் இருந்த பாட்ஸிங்கன் ஊர் ஒயின் குப்பியிலிருந்து எடுத்த பெயர் அது.

ஆக, கரியமில வாயுவை உணரும் இடம் ஒன்று, ஆக்சிஜனை உணரும் இடம் ஒன்று, தாளம் பிறக்கும் இடம் ஒன்று. அதற்குக் கீழே தண்டுவடம், உதரவிதான நரம்பு, தசை, காற்றுக்குழாய். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் அறுந்துபோகலாம். எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாமலேதான் பழைய மருத்துவம் தூண்டத் தொடங்கியது.

அந்தப் பழைய மருந்துகளின் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகருக்கு அவை அந்நியமாக இருக்காது. முதலாவது ஸ்ட்ரிக்னின். நம் காடுகளில் வளரும் எட்டிக்கொட்டையில் இருப்பது இதே நஞ்சுதான். ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழிக்குக் காரணமான கசப்பும் அதோடு சேர்ந்ததே. இரண்டாவது பிக்ரோடாக்ஸின், காக்கைக்கொல்லி விதையிலிருந்து பிரிப்பது. அந்த விதையை அரைத்துக் குளத்தில் கலக்கி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. மூன்றாவது, பூசைத் தட்டில் எரியும் கற்பூரம். எண்ணெயில் கரைத்த கற்பூர ஊசியை, மூச்சும் நாடியும் தளர்ந்த நோயாளிகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் தயாரித்த நிகெத்தமைடும் கார்டியசாலும் வந்து சேர்ந்தன.

இவை எப்படி மூச்சைக் கூட்டுகின்றன? நரம்பணுக்களில் முடுக்கும் சமிக்ஞையும் உண்டு, அடக்கும் சமிக்ஞையும் உண்டு. ஸ்ட்ரிக்னின் கிளைசின் என்ற அடக்கும் சமிக்ஞையை மறிக்கிறது, பிக்ரோடாக்ஸின் காபா என்ற அடக்கும் சமிக்ஞையை மறிக்கிறது. பிரேக்கைக் கழற்றினால் வண்டி ஓடும், உண்மைதான். ஆனால் மூச்சு மையத்தின் பிரேக்கை மட்டும் கழற்ற இந்த மருந்துகளுக்குத் தெரியாது. மூளை முழுவதிலும், தண்டுவடத்திலும் சேர்த்தே கழற்றிவிடும். மூச்சை எழுப்பும் அளவுக்கும் வலிப்பை வரவழைக்கும் அளவுக்கும் நடுவே நூலிழைதான் இடைவெளி.

1934-ல் புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடூனா என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை உண்டாக்கிக் குணப்படுத்தலாம் என்று நம்பினார். அதற்கு அவர் எடுத்த மருந்து கற்பூர எண்ணெய் ஊசி, பிறகு கார்டியசால். அதாவது ஒரு மருத்துவர் மூச்சைக் காக்கப் போட்ட ஊசியையே அதே காலத்தில் இன்னொருவர் வலிப்பை வரவழைக்கப் போட்டுக்கொண்டிருந்தார். இன்று கார்டியசாலுக்கு ஆய்வுக்கூடங்களில் மிஞ்சியிருக்கும் வேலையும் அதுவே. வலிப்புக்கான புது மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், எலிக்கு முதலில் கார்டியசால் கொடுத்து வலிப்பை உண்டாக்குகிறார்கள்.

இருந்தும் இந்த மருந்துகள் மருத்துவமனைகளில் நெடுங்காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது: பார்பிட்யூரேட் தூக்க மாத்திரைகள். 1903-ல் வந்த முதல் பார்பிட்யூரேட்டைத் தொடர்ந்து மேலும் மேலும் மாத்திரைகள் வந்தன. அளவுக்கு மீறி விழுங்கி, நீண்ட மயக்கத்தில் மூச்சு மங்கிய நிலையில் கொண்டுவரப்படுகிறவர்கள் பெருகினார்கள். டிரினிடாடில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த ஆர்னால்ட் மலோனியும் அவருடைய சகாக்களும், பார்பிட்யூரேட்டால் சாக இருந்த முயல்களை பிக்ரோடாக்ஸின் பிழைக்கவைக்கிறது என்று 1931-ல் காட்டினார்கள். சோதனை நேர்மையானது. முயல்கள் பிழைத்தது உண்மை. ஒரு மருந்து காபாவின் அடக்குதலை மிகையாக்குகிறது, மற்றது அதை மறிக்கிறது. கணக்கும் சரியாகவே இருந்தது. மருத்துவமனைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

மனிதர்களில் நடந்தது வேறு. தூக்க மாத்திரை மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் உடலில் தங்கும். தூண்டி மருந்தோ சற்று நேரத்தில் வடிந்துவிடும். எனவே திரும்பத் திரும்ப ஊசி. ஒவ்வொரு ஊசியிலும் நோயாளி கண் இமையை அசைப்பார், கையைக் காலை உதறுவார், மூச்சு இரண்டு எட்டு வேகமாகும். மருத்துவருக்கு நிம்மதி. ஆனால் அந்த உதறலும் வலிப்பும் ஏற்கெனவே ஆக்சிஜனுக்குத் தவிக்கும் மூளையிலிருந்து இன்னும் ஆக்சிஜனைச் செலவழித்தன. உடல் சூடேறியது. இதயம் தடம் புரண்டது. பிழைத்தவரும் இறந்தவரும் மாத்திரையால் என்ன ஆனார்கள், மருந்தால் என்ன ஆனார்கள் என்று பிரித்தறிய முடியாத குழப்பம்.

கோபன்ஹேகனில்தான் அந்தக் குழப்பம் தெளிந்தது. 1949-ல் பிஸ்பெபியர்க் மருத்துவமனையில் கார்ல் கிளெம்மெசன் நஞ்சுண்டவர்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். மயக்க மருந்து நிபுணர் எரிக் நில்சன் அவரோடு சேர்ந்து எடுத்த முடிவு, அன்றைய பழக்கத்தில் பெரிய துணிச்சல்: தூண்டி மருந்தை அடியோடு நிறுத்துவது. அதற்குப் பதிலாக என்ன செய்தார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. தொண்டையில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். காற்றுக்குழாய் திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் கொடுத்தார்கள். நோயாளியை மணிக்கணக்கு வைத்துப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். ரத்த அழுத்தம் விழாமல் நரம்பில் திரவம் ஏற்றினார்கள். பிறகு காத்திருந்தார்கள், சிறுநீரகமும் கல்லீரலும் மருந்தை வெளியேற்றி முடிக்கும்வரை. ஏறத்தாழ 20 சதவீதமாக இருந்த இறப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல 1 முதல் 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஸ்காண்டிநேவிய முறை என்று அதற்குப் பெயர் நிலைத்தது. புதிய மருந்து ஒன்றுகூட இல்லாமல், பழைய மருந்தை விலக்கி, செவிலியர் கையால் கிடைத்த வெற்றி அது. மருத்துவ வரலாற்றில் இதைவிட அதிகம் பேசப்பட்ட கண்டுபிடிப்புகள் எத்தனையோ உண்டு. இது அவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

மூன்றே ஆண்டில் அதே நகரில் இன்னொரு பாடம் வந்தது. 1952-ல் போலியோ கொள்ளைநோய். இந்த முறை மூச்சு மையத்தின் கட்டளை கீழே தசையைச் சென்றடையவில்லை. பிளெக்டாம் மருத்துவமனையில் பியோர்ன் இப்சென், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அழுத்தி நுரையீரலுக்குள் காற்றை ஏற்றினார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், படுக்கைக்கு ஒருவராக உட்கார்ந்து நோயாளிகளுக்குப் பையை அழுத்தினார்கள். மூச்சுத் தசை செயலிழந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இருந்த இறப்பு, பாதிக்கும் கீழே வந்தது. எந்தத் தூண்டி மருந்தாலும் ஆகியிருக்காத காரியம். அறுந்த கயிற்றை மேலிருந்து எவ்வளவு இழுத்தால்தான் என்ன?

டாக்ஸாப்ராம் 1960களில் வந்தது. முன்னோர்களைவிட நாகரிகமான மருந்து இது. மூச்சு கூடும் அளவுக்கும் வலிப்பு வரும் அளவுக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. காரணம், இது மூளை முழுவதையும் உலுக்காமல் முதலில் அந்தக் கழுத்துத் திசுவைத்தான் தொடுகிறது. அங்குள்ள அணுக்களின் சவ்வில் பொட்டாசியம் கசியும் வாசல்கள் உண்டு. டாக்ஸாப்ராம் அவற்றை அடைக்கிறது என்று 2006-ல் காட்டினார்கள். வாசல் அடைபட்டதும் அணு கிளர்ந்து, ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்ற பொய்ச் செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. மூளை நம்பி மூச்சைக் கூட்டுகிறது. பொய்ச் செய்திக்கும் விலை உண்டு. ரத்த அழுத்தம் ஏறும், வியர்க்கும், விழித்திருப்பவருக்கு மூச்சு முட்டும் பீதி பிடிக்கும். மனநல ஆய்வாளர்கள் பீதி நோயைப் படிப்பதற்காகவே தன்னார்வலர்களுக்கு டாக்ஸாப்ராம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குக் கரியமில வாயு தேங்கும்போது முன்பு இதைத்தான் கொடுத்தார்கள். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவி வந்த பிறகு, அந்தக் கருவி இல்லாத இடத்துக்கு மட்டும் என்று இது ஒதுங்கிவிட்டது. அந்த நோயாளியின் மூச்சு மையம் ஏற்கெனவே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். களைத்துப்போனது தசை. களைத்த மாட்டைக் குத்தினால் அது இன்னும் சீக்கிரம் படுத்துவிடும்.

கழுத்துத் திசுவைத் தொட்ட இன்னொரு மருந்து அல்மிட்ரின். ஐரோப்பாவில் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. நீண்ட நாள் எடுத்தவர்களுக்குக் கைகால் நரம்பு பாதிக்கப்பட்டதாலும் எடை குறைந்ததாலும் 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை அதன் மாத்திரைகளை விலக்கிக்கொள்ளச் சொன்னது.

கால்நடை மருத்துவத்தில் டாக்ஸாப்ராம் இன்னும் இருக்கிறது. வயிற்றைக் கிழித்து எடுத்த நாய்க்குட்டிகள் தாயின் மயக்க மருந்தோடு பிறக்கும்போது அதைச் சொட்டுகிறார்கள். நாயின் குரல்வளை செயலிழந்திருக்கிறதா என்று பார்க்க, மயக்கத்தில் மங்கிய மூச்சை ஆழமாக்கிக் குரல்நாண் விரிகிறதா என்று சோதிக்கவும் அது கைகொடுக்கிறது. ஆனால் நல்ல கால்நடை மருத்துவர் எவரும் அதில் தொடங்குவதில்லை. முதலில் சளியை எடுப்பது, துணியால் உடலைத் தேய்ப்பது, ஆக்சிஜன் வைப்பது. காற்றுக்குழாய் அடைத்துக் கிடக்கும் குட்டிக்கு மூச்சு மையத்தை எழுப்பி என்ன பயன்? மாட்டுக்காரரும் அதனால்தான் துரும்பைத் தொடுவதற்கு முன் விரலால் சளியை வழித்தார்.

இன்று ஆய்வாளர்களை அதிகம் அலைக்கழிப்பது ஓபியாய்டு மருந்துகள். மார்பின், ஃபென்டனில் போன்றவை வலியை அடக்கும் அதே ஏற்பிகள் (நரம்பணுவில் மருந்து வந்து ஒட்டும் இடங்கள்) வழியாகத்தான் முன் பாட்ஸிங்கர் தொகுதியையும் அதன் அண்டை நரம்பணுக்களையும் அடக்குகின்றன. மாற்று மருந்து கையில் இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நாலாக்சோன், ஏற்பியிலிருந்து ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தூண்டி மருந்தைப் போல அது குத்துவதில்லை, சிக்கிய சக்கரத்தை விடுவிக்கிறது. நின்ற மூச்சு ஓரிரு நிமிடத்தில் திரும்புவதைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. சிக்கல், அது வலி நிவாரணத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. அறுவை முடிந்த நோயாளி மூச்சோடு சேர்த்து முழு வலியையும் திரும்பப் பெறுகிறார். வலியைத் தணிக்கும் வேலை தொடர வேண்டும், மூச்சு மட்டும் திரும்ப வேண்டும். அப்படி ஒரு மருந்து கிடைக்குமா?

ஆப்பிரிக்கக் காடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. காண்டாமிருகத்தை இடம் மாற்ற எடார்ஃபீன் என்ற ஓபியாய்டைத் துப்பாக்கி ஊசியில் செலுத்துகிறார்கள். மார்பினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம். டன் கணக்கில் எடையுள்ள விலங்கு சில நிமிடங்களில் சாய்கிறது, கூடவே அதன் ரத்தத்தில் ஆக்சிஜன் கிடுகிடுவென்று இறங்குகிறது. முழு மாற்று மருந்தைக் கொடுத்தால் எழுந்து பாய்ந்துவிடும். அதனால் பாதி மட்டும் விடுவிக்கும் பியூட்டார்ஃபனாலும் மூக்கு வழி ஆக்சிஜனும் தருகிறார்கள். விலங்கைக் கிடத்தும் விதமும் மூச்சை மாற்றும். நமீபியாவில் 12 கருப்புக் காண்டாமிருகங்களை வைத்துக் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வில், நான்கு காலையும் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது, பக்கவாட்டில் படுக்கவைப்பதைவிட மூச்சுக்குக் கெடுதல் செய்யவில்லை, சற்று நன்மையே செய்தது என்று தெரிந்தது. ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு விலங்கை மலைப்பகுதி தாண்டிக் கொண்டுபோகிறவர்களுக்கு இது மிகவும் தேவைப்பட்ட பதில்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் எடார்ஃபீன் கொடுத்த ஆடுகளில் வேறு வழியைத் தேடினார்கள். நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருளின் ஏற்பிகளை முடுக்கும் இரண்டு மருந்துகள் ஆட்டின் மூச்சையும் ஆக்சிஜனையும் மீட்டன, ஆடு அசைவற்றே கிடந்தது. 2006-ல் வந்த முடிவு. அதற்கு முன்பே 2003-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், செரட்டோனின் ஏற்பி வகைகளில் ஒன்றை முடுக்கினால் ஃபென்டனில் கொடுத்த எலிக்கு மூச்சு திரும்புகிறது, வலி உணர்வு திரும்புவதில்லை என்று கண்டிருந்தார்கள். தேடிய மருந்து கிடைத்துவிட்டது போலவே இருந்தது. ஆனால் அதே ஏற்பியை முடுக்கும், மனிதருக்கு ஏற்கெனவே பயன்படும் மொசாப்ரைடை மார்பினோடு சேர்த்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது, மூச்சு மங்கியது மங்கியபடியே இருந்தது.

எலியிலிருந்து மனிதருக்கு வருவதற்குள் என்ன தொலைந்துபோகிறது? எலியின் மூச்சை அளப்பதைப் பார்த்தாலே பாதி புரியும். எலியை ஒரு சிறு கண்ணாடிப் பெட்டியில் விட்டு மூடுகிறார்கள். அது இழுக்கும் காற்று உடலுக்குள் சூடாகி, ஈரமேறி, சற்று விரிகிறது. பெட்டியின் அழுத்தம் மயிரிழை கூடுகிறது. அந்த மயிரிழையிலிருந்து மூச்சின் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். எலி பயந்தாலும் கணக்கு மாறும், மோப்பம் பிடித்தாலும் மாறும், தூங்கினாலும் மாறும். மனிதரிலும் ஒரு மறைவுப் பள்ளம் உண்டு. மருந்தால் மூச்சு குறைந்தால் கரியமில வாயு தேங்கும், தேங்கிய வாயு தானே மூச்சைத் தூண்டிப் பாதிப்பை மறைத்துவிடும். அதனால் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆல்பர்ட் டாஹன் குழுவினர் போன்றோர், தன்னார்வலர் இழுக்கும் காற்றில் கரியமில வாயுவை நொடிக்கு நொடி கூட்டிக் குறைத்து, உடலில் அதன் அளவு மாறாமல் நிறுத்திவைத்துக்கொண்டு மருந்தைச் சோதிக்கிறார்கள். அவ்வளவு கவனத்தோடு சோதித்தாலும், அங்கே படுத்திருப்பவர் உடல்நலம் உள்ள இளைஞர். அறுவை முடிந்து, பருத்த உடலோடு, இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவரின் மூச்சு வேறு.

ஆம்பகைன் என்ற வகை மருந்துகள் இன்னும் களத்தில் இருக்கின்றன. தாளம் பிறக்கும் நரம்பணுக்களை முடுக்கும் குளூட்டமேட் சமிக்ஞையை அவை வலுப்படுத்துகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் கிரியரின் குழு எலிகளில் காட்டியது, 2010-ல் வெளிவந்த ஆய்வில் மனிதர்களிலும் தென்பட்டது. ஓபியாய்டால் மங்கிய மூச்சு தேறியது, வலி நிவாரணம் குறையவில்லை. எடார்ஃபீன் கொடுத்த ஆடுகளிலும் நல்ல பலன். இத்தனை இருந்தும் எந்த ஆம்பகைனும் மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்து, நிலைத்து, தன் தகுதியை ஐயமின்றி நிரூபித்த ஒரே தூண்டி மருந்து, காப்பியில் இருக்கும் காஃபீன். அது கைகொடுப்பது நம்மில் மிகச் சிறியவர்களுக்கு.

28 வாரத்தில் பிறந்த குழந்தை ஒரு கிலோ எடை அளவில்தான் இருக்கும். இன்குபேட்டருக்குள் மார்பு துடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். பத்து நொடி, பதினைந்து நொடி. இருபதைத் தொட்டால் அதற்கு மூச்சுநிறுத்தம் என்று பெயர். இதயத்துடிப்பு இறங்கும், திரையில் ஆக்சிஜன் எண் சரியும், மணி அலறும். செவிலியர் கையை உள்ளே விட்டு, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பாதத்தை மெல்லச் சுண்டுவார். குழந்தை நெளிந்து மூச்சிழுக்கும். கன்றுக்கு வைக்கோல் துரும்பு செய்த அதே வேலை. ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை சுண்ட முடியும்?

இந்தக் குழந்தையிடம் நோயென்று எதுவும் இல்லை. கருப்பைக்குள் இன்னும் பன்னிரண்டு வாரம் முதிர வேண்டிய மூச்சு மையம் வெளியே வேலைக்கு வந்துவிட்டது. கருவில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சசைவை நிறுத்திச் சக்தியைச் சேமிப்பதுதான் சரியான உத்தி. அந்தப் பழக்கம் குறைமாதக் குழந்தையிடம் தங்கியிருக்கிறது, அதில் அடினோசின் என்ற பொருளுக்குப் பங்குண்டு. காஃபீன் அடினோசினின் ஏற்பிகளை மறிக்கிறது. சிக்கல் எங்கேயோ, மருந்து தொடுவதும் அங்கேயே.

1973-ல் இங்கிலாந்தில் குஸெம்கோவும் பாலாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அமினோபிலினைக் கொடுத்துப் பார்த்து மூச்சுநிறுத்தம் குறைவதைக் கண்டார்கள். 1977-ல் மான்ட்ரியலில் ஜேக்கப் அராண்டாவின் குழு காஃபீனுக்கு மாறியது. நமக்குள் போகும் காஃபீனில் பாதி சுமார் ஐந்து மணி நேரத்தில் வெளியேறிவிடும். குறைமாதக் குழந்தையின் கல்லீரல் முதிராததால் பாதி வெளியேறவே நூறு மணி நேரம் அளவில் ஆகும். ஆகவே நாளுக்கு ஒரு வேளை போதும், அளவில் சற்றுப் பிசகினாலும் ஆபத்து குறைவு.

அடுத்த கால் நூற்றாண்டு எல்லோரும் கொடுத்தார்கள். நீண்ட காலத்தில் குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதைப் பெரிய சோதனையில் யாரும் பார்க்கவில்லை. கவலைப்படக் காரணம் இருந்தது. ஆக்சிஜன் குறையும் நேரத்தில் மூளை அணுக்களைக் காப்பதிலும் அடினோசினுக்குப் பங்குண்டு. அதை வாரக்கணக்கில் மறித்தால் மூளைக்குக் கேடு வராதா? மூச்சு சீராகத் தெரிகிறதே என்று திருப்தி அடைந்தால், அது பிக்ரோடாக்ஸின் காலத்து மருத்துவரின் திருப்தியாகிவிடும். கனடாவின் பார்பரா ஷ்மிட் தலைமையில் அந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டார்கள். பிறந்தபோது 500 முதல் 1,250 கிராம் எடையுள்ள 2,006 குழந்தைகள், பல நாடுகளில். பாதிப் பேருக்குக் காஃபீன், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். கொடுப்பவருக்கும் எது எதுவென்று தெரியாது. தங்கள் ஒரு கிலோ குழந்தையை இந்தக் குலுக்கலுக்குத் தர ஒப்புக்கொண்ட பெற்றோரின் நெஞ்சுரத்தை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

2006-ல் வந்த முதல் முடிவு: நாள்பட்ட நுரையீரல் நோய் உப்புநீர்க் குழுவில் 47 சதவீதம், காஃபீன் குழுவில் 36. வென்டிலேட்டரும் அழுத்தக் காற்றும் சுமார் ஒரு வாரம் முன்பே விலகின. குழந்தைகளின் எடையேற்றம் சில வாரம் சற்றுக் குறைந்து, பிறகு சரியானது. 2007-ல், ஒன்றரை வயதைத் தாண்டியவர்களைப் பார்த்தபோது, இறப்போ ஊனமோ நேர்ந்தவர்கள் உப்புநீர்க் குழுவில் 46.2 சதவீதம், காஃபீன் குழுவில் 40.2. மூளைவாதம் 7.3 சதவீதத்திலிருந்து 4.4 ஆனது. ஐந்து வயதில் அந்த மொத்த வித்தியாசம் மங்கிவிட்டது என்பதையும் அவர்களே மறைக்காமல் எழுதினார்கள். பதினொரு வயதில் உடலியக்கக் குறைபாடு மட்டும் காஃபீன் குழுவில் குறைவாகவே இருந்தது: 27.5-க்கு எதிராக 19.7 சதவீதம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மட்டுமல்ல, நம் ஊர்ச் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இன்று இது அன்றாட மருந்து.

கரு வயது 34 வாரத்தை ஒட்டி மருத்துவர்கள் காஃபீனை நிறுத்துகிறார்கள். நிறுத்திய அன்றே வீட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு மணி நேரம் தங்கும் மருந்து உடலைவிட்டுப் போக வேண்டும். அது போன பிறகும் மூச்சு நிற்கவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள் காத்திருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நான்காம் நாள் இரவில் ஒரே ஒருமுறை மணி அலறினாலும் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். பையைக் கட்டிவைத்துவிட்டுத் தாய் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.